கபீல் என்றால் ஆண்டை

‘அவனாத்தானே போனான்? யாரு இவன வெத்தல பாக்கு வச்சு அழைச்சா?’

வளைகுடாவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறவனைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இந்தக் கேள்வி வந்து விழுகிறது. டீக்கடையில் கேட்கிறார்கள். நான் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கும் வங்கியில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் கேட்கிறார்கள். போன மாதம் நம் தோழர் ஒருவரே கேட்டார். அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று. மற்றவன் கேட்டால் சாதித் திமிர் என்று தள்ளிவிடலாம். நாமே கேட்கிறோம் என்றால் நம் அரசியலில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது.

என் சித்தி மகனின் கதையைச் சொல்லிவிட்டு அந்தத் தோழருக்குப் பதில் சொல்கிறேன்.

அவன் 2014இல் சவூதிக்குப் போனான். கம்பி கட்டுகிற வேலை. ஏஜெண்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டினான். ஏஜெண்டு வாங்கலாம் என்று விதி அனுமதிக்கிற சேவைக் கட்டணம் இன்றைக்கே 30,000 ரூபாயும் அதன் மேல் வரியும்தான். யார் கேட்கிறார்கள்? சித்தியின் தோடு போனது. மீதிப் பணம் நூற்றுக்கு மாசம் அஞ்சு வட்டிக்கு வந்தது. நான் வேலைசெய்யும் வங்கியில் அவனுக்குக் கடன் இல்லை. ஜாமீனுக்கு நிலம் எங்கே என்று கேட்டார்கள். சேரிக்காரனிடம் நிலம் எங்கே என்று கேட்பதற்கும் வங்கியில் ஒரு படிவம் இருக்கிறது. அந்தப் படிவத்தை அவனிடமிருந்து வாங்கியவனும் நான்தான், திருப்பிக் கொடுத்தவனும் நான்தான். அதே வாரம் அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போகிற பையன் ஒருவனுக்குக் கல்விக் கடன் பாஸாகியது. அவன் அப்பாவுக்கு நிலம் இருந்தது.

இங்கே பேசிய சம்பளம் 1,500 ரியால். அங்கே இறங்கியதும் 1,000 ரியால் என்றார்கள். பாஸ்போர்ட்டை கம்பெனிக்காரன் வாங்கிப் பூட்டிக்கொண்டான். ஒரு வருசம் கழித்துச் சம்பளமே நின்றது. ஐந்து மாதம். பக்கத்து சைட்டில் ஒரு போர்மேன், புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், ‘எங்க கம்பெனிக்கு வா, 1,600 தர்றோம்’ என்றிருக்கிறார். இவன் கபீலிடம் போய் ரிலீஸ் கேட்டான். எட்டாயிரம் ரியால் வை, தருகிறேன் என்றான் கபீல். தரவேண்டிய சம்பளத்தைத் தராதவன், ஆளை விடுவதற்கு விலை கேட்கிறான்.

ராத்திரி எனக்குப் போன் பண்ணினான்.

‘பொறுத்துக்கடா. ரெண்டு வருசம்தானே, பினிஷ் பண்ணிட்டு வந்துடு. ஓடிப் போனா கேஸாயிடும்’ என்றேன்.

‘நான் பொறுத்துக்குவேண்ணே. வட்டி பொறுத்துக்குமா?’ என்றான்.

என்னிடம் பதில் இல்லை. அவன் வெளியே போய்விட்டான். கபீல் ‘ஹூரூப்’ கொடுத்தான். தப்பி ஓடியவன் என்று அரசாங்கக் கணினியில் ஒரு பதிவு. அந்தப் பதிவோடு அவனுடைய இக்காமா செத்தது. இக்காமா இல்லாதவனுக்கு ஆஸ்பத்திரி இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, போலீஸ் வண்டியைப் பார்த்தால் சந்துதான். அங்கே நம்மாட்கள் இப்படி வாழ்கிறவனைக் ‘கல்லிவல்லி’ என்பார்கள். சாரத்திலிருந்து விழுந்து தோள்பட்டை முறிந்தபோதுகூட ஒரு மலையாளி நர்ஸ் ரூமுக்கு வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போனார். 2017இல் சவூதி அரசு பொதுமன்னிப்பு அறிவித்தது. அதில் ஒரு பையோடு திரும்பினான். சித்தியின் இரண்டரை சென்ட் மனைப்பட்டா வட்டிக்காரன் பெட்டியில் இருந்தது. இன்றும் இருக்கிறது.

தோழர்களே, இவன் செய்த குற்றம் என்ன? திருடினானா? சம்பளம் தராத இடத்தைவிட்டு, தருகிற இடத்துக்குப் போனான். நானும் அதைத்தான் செய்தேன். தனியார் பைனான்ஸ் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன், வங்கித் தேர்வு எழுதினேன், ஒரு பக்க ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன். என்மேல் யாரும் ஓடிப்போனவன் என்று புகார் எழுதவில்லை. நான் செய்தால் முன்னேற்றம், கம்பி கட்டுகிறவன் செய்தால் குற்றம்.

கபாலா என்று இதற்குப் பெயர். ஜாமீன்முறை என்று சொல்லலாம். வெளிநாட்டான் உள்ளே வரவேண்டுமானால் உள்ளூர் முதலாளி ஒருவன் அவனுக்குப் பொறுப்பேற்க வேண்டும். அவன்தான் கபீல். விசா, இக்காமா, வேலை எல்லாம் அந்த ஒருவன் கையில். வேலையை விட்டால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். எல்லா முதலாளியும் தொழிலாளியைச் சுரண்டுகிறான். ஆனால் சுரண்டுகிறவனை விட்டு விலகினால் போலீஸ் பிடிக்கும் என்பது சாதாரணச் சுரண்டல் அல்ல. அது வேறு வகை. அந்த வகையை நமக்கு நன்றாகத் தெரியும்.

கீழத்தஞ்சையில் என் தாத்தா பண்ணையாள். கல்யாணத்துக்கு ஆண்டையிடம் வாங்கிய கடன் அவரைக் கட்டியிருந்தது. வேறு மிராசுதாரிடம் போக வேண்டுமானால் பழைய கடனைப் புது ஆண்டை தீர்க்க வேண்டும். அப்படித் தீர்த்தால் கடன் தீராது, கைமாறும். சொல்லாமல் போனால் ஆள் விட்டுப் பிடித்து வந்து கட்டி வைத்து அடிப்பார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் கதையில் வருகிறவை அல்ல, என் தாத்தாவின் முதுகும் வாயும் அறிந்தவை. கபீல் சவுக்கை எடுப்பதில்லை. ஹூரூப் என்று ஒரு பொத்தானை அமுக்குகிறான்.

கடல் தாண்டிப் போனவர்களுக்கும் இதே கதைதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி பிடித்துக்கொண்டு போன சனத்தில் பெரும்பகுதி யார்? பறையர், பள்ளர், சக்கிலியர். அங்கே ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. கங்காணியும் அவன் ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவர்களை விடுகிறேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அந்தத் துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. ஆட்களைக் கடனோடு சேர்த்து விற்று வாங்கினார்கள் என்பதுதான் அதன் நேரான அர்த்தம். 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். நூறு வருசம் கழித்து என் தம்பி கபீலிடம் கேட்டானே ரிலீஸ், என்.ஓ.சி., அது என்ன? அதே துண்டுதான். தமிழ்ப் பெயர் போய் இங்கிலீஷ் பெயர் வந்திருக்கிறது.

இந்த இடத்தில் காவிக்காரன் ஒருவன் நைசாக உள்ளே நுழைவான். ‘பாத்தீங்களா, துலுக்கன் நாட்டுச் சட்டம் அப்படித்தான்’ என்பான். அவன் வாயை முதலில் அடைக்க வேண்டும். முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத கூலிக்காரனை ஜெயிலில் போடும் சட்டம் இந்தியாவில் 1859இல் வந்தது. போட்டவன் வெள்ளைக்காரன். அதை வைத்து ஆட்களை மடக்கியவர்களில் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்களும் நாமம் போட்டவர்களும் உண்டு. 1925இல்தான் அதை நீக்கச் சட்டம் வந்தது. வளைகுடாவிலும் எண்ணெய் கிடைப்பதற்கு முன்னால் முத்துக்குளித் தொழில் இருந்தது. மூழ்கிறவன் படகுக்காரனிடம் கடன்பட்டிருப்பான், கடன் தீராமல் படகு மாற முடியாது. பக்ரைன் போன்ற இடங்களில் வெளியாட்களை ஜாமீனில் வைத்துக் கட்டுப்படுத்தும் நடைமுறை வேர்விட்டதில் பிரிட்டிஷ் நிர்வாகத்துக்குப் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இது மதத்தின் விவகாரம் அல்ல. மலிவான ஆள் வேண்டும், அவன் எழுந்து போகக் கூடாது என்று நினைக்கிறவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இதே சட்டத்தைத்தான் எழுதுவான்.

இப்போது ‘அவனாத்தானே போனான்’ என்ற கேள்விக்கு வருகிறேன்.

1982இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்கான கட்டுமானங்களில் வேலைசெய்த தொழிலாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலிகூட முழுதாகப் போய்ச் சேரவில்லை என்ற வழக்கு உச்சநீதிமன்றம் போனது. அந்தத் தீர்ப்பில் நீதிமன்றம் அரசியல் சட்டம் 23ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு ஒரு விசயத்தைத் தெளிவாக்கியது. துப்பாக்கி காட்டி வேலை வாங்குவது மட்டும் கட்டாய உழைப்பு அல்ல, பசியும் வறுமையும் வேறு வழி இல்லாமல் ஒருவனைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலைக்குத் தள்ளினால் அதுவும் கட்டாய உழைப்புதான். தில்லி மைதானத்துக்குப் பொருந்துகிற நியாயம், 2022 உலகக் கோப்பைக்காகக் கத்தாரில் கட்டிய மைதானத்துக்குப் பொருந்தாதா? பொருந்தும். என் தாத்தாவும் தானாகத்தான் ஆண்டையிடம் கைநீட்டிக் கடன் வாங்கினார். தானாகப் போனானா என்பது கேள்வியே இல்லை. தானாகத் திரும்ப முடியுமா, தானாக மாற முடியுமா? கேட்க வேண்டியது அது.

‘அதெல்லாம் இப்ப மாறிப்போச்சே சார்’ என்று பேப்பர் படிக்கிறவர்கள் சொல்வார்கள். மாறியிருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். பக்ரைன் 2009லேயே கபீலின் சம்மதமில்லாமல் மாற வழி செய்தது, 2011இல் அதற்கு ஒரு வருடம் என்று நிபந்தனை போட்டது. கத்தார் 2020இல் என்.ஓ.சி.யை நீக்கியது. ஒரு மாதமோ இரண்டு மாதமோ நோட்டீஸ் கொடுத்துவிட்டு மாறலாம், வீட்டு வேலைக்காரர்களும் மாறலாம் என்றது. ஓமனில் 2021 ஜனவரி முதல் ஒப்பந்தம் முடித்தவன் வேறிடம் போக என்.ஓ.சி. வேண்டாம் என்றாயிற்று. சவூதி 2021 மார்ச்சில் ஒரு வருடம் முடித்தவன் மாறலாம் என்றது. மூன்று மாதம் தொடர்ந்து சம்பளம் தராவிட்டால் அந்த ஒரு வருடம்கூடக் காத்திருக்க வேண்டாம் என்றது. ஏழு வருசம் முன்னால் இது வந்திருந்தால் என் தம்பியின் தோள்பட்டை நேராக இருந்திருக்கும்.

இவை தானாக வந்த கருணை அல்ல. கத்தாரின்மேல் 2014இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் புகார் போனது, உலகம் முழுக்கத் தொழிற்சங்கங்கள் கத்தின, உலகக் கோப்பை மானம் போய்விடுமே என்ற பயம் வந்தது. அழுத்தியதால் அசைந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பாருங்கள்.

சவூதியின் 2021 சீர்திருத்தத்தில் விடுபட்டவர்கள் யார்? வீட்டு வேலைக்காரி, வீட்டு டிரைவர், தோட்டக்காரன், பண்ணைக் கூலி, ஆடு ஒட்டகம் மேய்க்கிறவன். பட்டியலைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இங்கே எந்த வேலைகளை எந்தத் தெருவுக்கு ஒதுக்கினார்களோ அதே வேலைகள் அங்கே சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டன. கத்தாரில் என்.ஓ.சி. போன பிறகும் ‘ராஜினாமாக் கடிதத்தில் பழைய முதலாளியின் முத்திரை வேண்டும்’ என்று ஆட்களை அலையவிட்ட செய்திகள் வந்துகொண்டே இருந்தன. துண்டை ஒழித்தால் முத்திரை வரும். முத்திரையை ஒழித்தால் பொய்த் திருட்டுக் கேஸ் வரும். ஊரில் இரட்டைக் குவளையை ஒழித்ததும் நமக்குத் தனியாகப் பிளாஸ்டிக் கப் வந்ததே, அந்த மாதிரி.

மாறலாம் என்று சட்டத்தில் இருந்தாலும் யாரால் மாற முடியும்? கணினியில் விண்ணப்பம் போடத் தெரிய வேண்டும், அரபியிலோ இங்கிலீஷிலோ படிக்க வேண்டும், சம்பளமில்லாத இடைவெளியைத் தாண்டக் கையில் காசு வேண்டும். கடனோடு போனவனுக்கு ஒரு மாத இடைவெளி என்பது இரண்டு மாத வட்டி. ஆக கபீலின் கயிறு ஒன்று, ஊர் வட்டிக்காரனின் கயிறு இன்னொன்று. அங்கே இருக்கிற கயிற்றை மட்டும் அறுத்தால் ஆள் விடுதலையாக மாட்டான்.

நம் நாட்டுச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 1983இல் குடிபெயர்வுச் சட்டம் போட்டார்கள். அதன்படி பத்தாம் வகுப்புத் தேறாதவன் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று விழுகிறது. வேலைக்காக 18 நாடுகளுக்குப் போக அவன் தனி அனுமதி வாங்க வேண்டும். பாதுகாப்புக்காக என்கிறார்கள். இருக்கட்டும். பத்தாவது தேறாமல் போனவன் யார் வீட்டுப் பிள்ளை? எந்தத் தெருவில் அதிகம்? சாதி சான்றிதழில் மட்டும்தான் எழுதியிருக்கிறது என்று நினைக்கிறோம். பாஸ்போர்ட்டிலும் இருக்கிறது, வேறு எழுத்தில். ஈ.சி.ஆர். உள்ள பெண் வீட்டு வேலைக்குப் போக 30 வயதாகியிருக்க வேண்டும் என்று விதி. விதியைத் தாண்ட ஏஜெண்டு சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்புகிறான். போய் இறங்கியவளுக்கு எந்தப் பதிவும் இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு கபீல் வெளியே போனால் அவள் உலகம் அந்த நாலு சுவர்தான். அவளுக்கு வேலை மாறும் உரிமை என்பது சம்பளப் பிரச்சினை அல்ல. பல நேரம் மானத்தின், உயிரின் பிரச்சினை.

இன்னொரு பக்கம் பாருங்கள். எச்-1பி விசாவில் அமெரிக்கா போகிற மென்பொருள்காரனும் முதலாளியைச் சார்ந்துதான் இருக்கிறான். ஆனால் 2000இல் அங்கே வந்த சட்டப்படி, புது கம்பெனி மனுப் போட்ட உடனே அவன் அங்கே போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கலாம். 2017 முதல், வேலை போனாலும் வேறு வேலை தேட 60 நாள் வரை அவகாசம் உண்டு. அதுவும் கயிறுதான், நீளமான கயிறு. அவனுக்கு விசாவில் ஒரு சிக்கல் வந்தால் இங்கே தலையங்கம் எழுதுகிறார்கள், மந்திரி பேசுகிறார். கம்பி கட்டுகிறவனின் கயிறு ஒரு முழம். அவன் செத்துப் பெட்டியில் வந்தால் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி. 1936இல் அம்பேத்கர் விளக்கினாரே, சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலைசெய்கிறவர்களையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிவைக்கிறது என்று. அந்த அடுக்கு விமானம் ஏறியும் போகிறது.

2022இல் வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் 11,100 கோடி டாலர் என்று உலக வங்கிக் கணக்கு. உலகத்திலேயே அதிகம். அந்தப் பணத்தின் ஒரு துளியை எண்ணிக் கொடுக்கிற வேலை எனக்கு. கைநாட்டு வைக்கிற ஆத்தாக்கள் கவுண்டரில் நின்று, ‘பய போட்டிருக்கானா பாரு சாமி’ என்பார்கள். பணத்துக்கு எல்லா வாசலும் திறந்திருக்கிறது. அனுப்பியவனுக்கு ஒரு வாசல்கூடச் சாவி இல்லை. குடிபெயர்ந்த தொழிலாளர் உரிமைக்கென்று ஐ.நா. 1990இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. வளைகுடா அரசுகள் அதில் சேரவில்லை. ஆளை அனுப்பும் இந்தியாவும் சேரவில்லை. விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள்.

தமிழ்தேசியம் பேசும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. உலகத் தமிழர் என்று மேடை போடுகிறீர்கள். முன்வரிசையில் டாக்டர்கள், தொழிலதிபர்கள், சிங்கப்பூர்ச் சால்வைகள். லேபர் கேம்ப்பில் ஒரு அறைக்குப் பத்துப் பேராகப் படுத்திருக்கிறவன் உலகத் தமிழன் இல்லையா? அங்கேயும் புதிதாக வருகிறவனிடம் தமிழ்ப் போர்மேன் கேட்கிற முதல் கேள்வி ‘எந்த ஊரு’, இரண்டாவது ‘எந்தத் தெரு’. அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றி உங்கள் மாநாட்டுத் தீர்மானம் என்ன சொல்கிறது?

கடைசியாக நமக்கு. வளைகுடாப் பணம் சேரிக்குச் செய்ததை நான் மறுக்கவில்லை. மாடி வீடு வந்தது. மிராசுதார் வாசலில் கைகட்டி நிற்காமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. அறுப்புக்கு வரமுடியாது என்று சொல்லும் தைரியம் வந்தது. ஆண்டையிடமிருந்து தப்பிக்கத்தான் நம் பிள்ளைகள் விமானம் ஏறினார்கள். அதனாலேயே, ஏறிப் போன இடத்திலும் ஓர் ஆண்டை உட்கார்ந்திருப்பதைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது. வெண்மணியில் 1968இல் எரிந்த 44 பேருக்கு ஆண்டுதோறும் வீரவணக்கம் செலுத்துகிறோம். அந்தத் தாலுக்காக்களிலிருந்தே கபீலிடம் போகிறவர்களைப் பற்றி நம் மாவட்டச் செயற்குழு ஒருநாளாவது பேசியதுண்டா? பிணம் வந்தால் மாலையோடு போகிறோம், மனு எழுதுகிறோம். உயிரோடு இருக்கும்போது ‘ஓடிப்போனா கேஸாயிடும்’ என்கிறோம். நான் சொன்னேன். ஆண்டையின் காரியக்காரன் சொல்ல வேண்டிய வசனத்தை, வங்கி வேலையும் கவிதைப் புத்தகமும் வைத்திருக்கிற நான் சொன்னேன்.

ஆகவே கேட்க வேண்டியவற்றைச் சத்தமாகக் கேட்போம். யாருடைய கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் வேலை மாறும் உரிமை எல்லாருக்கும் வேண்டும், வீட்டு வேலைக்காரிக்கும் ஆடு மேய்ப்பவனுக்கும் முதலில் வேண்டும். வேலையை விட்டதை ஓடிப்போன குற்றமாக்கும் பதிவு முற்றாக ஒழிய வேண்டும். இந்திய அரசு எந்த வளைகுடா அரசோடு ஒப்பந்தம் போட்டாலும் இவை இரண்டும் அதில் இருக்க வேண்டும். ஆள் எடுக்கும் செலவை ஆள் எடுக்கிறவன் கட்ட வேண்டும். நிலம் கேட்காத கடன் பொதுத்துறை வங்கியிலும் தாட்கோவிலும் கிடைக்க வேண்டும். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் போட்டபோது பழைய கடன்கள் செல்லாது என்றார்களே, அதே நியாயம் விசாக் கடனுக்கும் வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கிராமக் கிளைத் தோழர்கள் போகிறவனின் பாஸ்போர்ட், ஒப்பந்தம், விசா மூன்றையும் நகலெடுத்து வைக்கலாம். சம்பளம் நின்ற மாதத்தைத் தேதியோடு எழுதி வைக்கச் சொல்லலாம். முக்கியமாக ஒன்று. இடத்தைவிட்டு வெளியேறும் முன்பே அங்கே உள்ள தொழிலாளர் அலுவலகத்திலும் நம் தூதரகத்திலும் புகார் பதிவாக வேண்டும். கபீலின் ஹூரூப் முதலில் பதிவாகிவிட்டால் நம் ஆள் குற்றவாளியாகத்தான் பேசத் தொடங்க வேண்டியிருக்கும். மாணவத் தோழர்கள் இந்த விண்ணப்பங்களைப் படித்துச் சொல்ல, எழுதிக்கொடுக்கப் பழகட்டும். துண்டறிக்கை எழுதுகிற கை இதையும் எழுதலாம்.

என் தம்பி இப்போது ஊரில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறான். இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. போன வாரம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் பாரத்தை எடுத்துக்கொண்டு என் கவுண்டருக்கு வந்தான். ரியாத்துக்குப் போகிறானாம், கடன் கிடைக்குமா என்றான். ஜாமீனுக்கு நிலம் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தேன். ‘சாயங்காலம் வீட்டுக்கு வா தம்பி, உன் ஒப்பந்தத்த எடுத்துட்டு வா’ என்றேன். வந்தான். ஒப்பந்தம் அரபியில் இருந்தது. கீழே அவன் கையெழுத்து மட்டும் தமிழில்.